விலங்கியலுக்கு முன் ஓர் ஆண்டு: பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் அடிப்படை ஆண்டு கடந்துவந்த வழி

இங்கிலாந்திலும் வேல்சிலும் விலங்கியல் பட்டப்படிப்பு பொதுவாக மூன்று ஆண்டுகள் கொண்டது. பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் உயிரியல், வேதியியல் போன்ற பாடங்களை எடுக்காதவர்களும், எடுத்தும் வேண்டிய தரம் பெறாதவர்களும் அதில் நேரடியாகச் சேர முடியாது. இவர்களுக்காகப் பல பல்கலைக்கழகங்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் ஆண்டைச் சேர்த்து, நான்காண்டுப் படிப்பாக நடத்துகின்றன. அந்த முதல் ஆண்டை 'ஃபவுண்டேஷன் இயர்' என்கிறார்கள். தமிழில் அடிப்படை ஆண்டு எனலாம். பேச்சு வழக்கில் அதைப் பூஜ்ய ஆண்டு என்று சொல்வதும் உண்டு.

இந்த ஏற்பாட்டைப் பலர் அண்மைக்காலக் கண்டுபிடிப்பாகவும், மதிப்பெண் குறைந்தவர்களுக்கான பின்வாசலாகவும் எண்ணுகிறார்கள். பின்வாசல் என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. விலங்கியலைப் பட்டப்பாடமாகப் படிக்கத் தொடங்கிய காலத்திலேயே அதற்கு முன் ஓர் ஆயத்தக் கட்டம் இருந்தது. ஒரு காலத்தில் எல்லோரும் அந்த வழியாகத்தான் போனார்கள். பிறகு அந்தக் கட்டம் பள்ளிக்குள் போய் ஒளிந்துகொண்டது. பள்ளியில் அதைத் தவறவிட்டவர்களுக்காக மீண்டும் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்தது. அந்த ஆண்டை யார் கற்பித்தார்கள், அதன் செலவை யார் ஏற்றார்கள் என்பதே இதன் வரலாறு.

பாதிப் பட்டத்தோடு நின்ற ஆசிரியர்

இங்கிலாந்தில் விலங்கியலுக்கு முதலில் பேராசிரியர் பதவி ஏற்பட்டது லண்டனில். இன்று யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் எனப்படும் நிறுவனம் 1827இல் ராபர்ட் எட்மண்ட் கிராண்ட் என்பவரை அந்தப் பதவியில் அமர்த்தியது. எடின்பரோவில் மாணவராக இருந்த சார்லஸ் டார்வினுக்குக் கடல்வாழ் உயிரிகளைத் தேடிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் இவர். ஆனால் அப்போது விலங்கியலுக்கென்று பட்டம் கிடையாது. மருத்துவம் படிக்க வருபவர்கள் வழியில் கேட்டுவிட்டுப் போகும் பாடமாகவே அது இருந்தது.

1836இல் பட்டயம் பெற்ற லண்டன் பல்கலைக்கழகம் பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்துப் பட்டம் தருவதே அதன் வேலை. 1858இல் வந்த புதிய பட்டயத்தின்படி, எந்தக் கல்லூரியிலும் சேராதவர்கூடப் பெரும்பாலான தேர்வுகளை எழுதலாம் என்றானது. அறிவியலுக்கென்று பி.எஸ்சி. பட்டமும் அதையொட்டியே பிறந்தது. ஆனால் நேராகப் பட்டத் தேர்வுக்குப் போய்விட முடியாது. முதலில் நுழைவுத் தேர்வான மெட்ரிகுலேஷன், அடுத்து பிற்காலத்தில் இன்டர்மீடியட் என்று பெயர் பெற்ற இடைநிலைத் தேர்வு, அதன் பிறகே இறுதித் தேர்வு. விலங்கியலில் சிறப்புத் தகுதி பெற விரும்புபவரும் இடைநிலையில் பல அறிவியல் பாடங்களில் தேறியாக வேண்டும். இன்றைய அடிப்படை ஆண்டில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான்.

இந்தக் கட்டத்தில் உயிரியலை எப்படிக் கற்பிப்பது என்று வகுத்தவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. டார்வினுக்காக மேடையேறி வாதாடியவர் என்றே அவரைப் பாடப்புத்தகங்கள் அறிமுகம் செய்கின்றன. ஆசிரியர்களுக்கு வேண்டியவர் வேறொரு ஹக்ஸ்லி. 1871 கோடையில் லண்டன் சவுத் கென்சிங்டனில் பள்ளி ஆசிரியர்களைக் கூட்டி, சில வாரங்களுக்குள் உயிரியலைச் செய்முறையாகக் கற்பித்தார். காலையில் விரிவுரை. அதன் பின் நுண்ணோக்கியும் கத்தியுமாக, சொன்னதைக் கண்ணால் பார்க்க வேண்டும். எல்லா விலங்குகளையும் படிக்க எவருக்கும் ஆயுள் போதாது என்பதால், ஒவ்வொரு வகைக்கும் ஒரு மாதிரி உயிரியை எடுத்துக்கொண்டார். 1875இல் ஹென்றி நெவெல் மார்ட்டினோடு சேர்ந்து அவர் வெளியிட்ட செய்முறை நூல் ஈஸ்டில் தொடங்கி, அமீபா, ஹைட்ரா, நன்னீர் மட்டி, கல் இறால் என்று ஏறி, தவளையில் முடிகிறது.

தமிழ்நாட்டில் விலங்கியல் படித்தவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானதாகத் தோன்றினால் அது தற்செயல் அல்ல. அமீபா, ஹைட்ரா, மண்புழு, கரப்பான், தவளை என்று நாம் மனப்பாடம் செய்த வரிசைக்கு மூலம் அந்தக் கோடைகால வகுப்புதான். கல் இறால் நம் குளங்களில் கிடைக்காது. அதன் இடத்தில் நம்மவர்கள் கரப்பானை வைத்துக்கொண்டார்கள்.

ஹக்ஸ்லியைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. சேரிங் கிராஸ் மருத்துவமனையில் பயின்ற அவர், 1845இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் முதற்கட்ட மருத்துவத் தேர்வை எழுதி, உடற்கூற்றியலிலும் உடலியங்கியலிலும் தங்கப் பதக்கம் பெற்றார். இரண்டாம் கட்டத் தேர்வை அவர் எழுதவேயில்லை. கடற்படையில் உதவி மருத்துவராகச் சேர்ந்து ஆஸ்திரேலியக் கடல்களுக்குப் போய்விட்டார். இங்கிலாந்தில் உயிரியல் கல்விக்கு அடித்தளம் போட்டவர் தேர்வெழுதிப் பெற்ற பல்கலைக்கழகத் தகுதி ஆயத்தக் கட்டத்தோடு நின்றுபோனது.

துணிக்கடைப் பையன் பெற்ற விலங்கியல் பட்டம்

எச். ஜி. வெல்ஸ் என்றால் கால எந்திரமும் செவ்வாய்க் கிரகத்தவர் படையெடுப்பும் நினைவுக்கு வரும். அவர் பெற்ற பட்டம் விலங்கியலில் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அடிப்படை ஆண்டு யாருக்குத் தேவை என்பதற்கு அவர் வாழ்க்கையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1866இல் பிறந்த வெல்சின் தந்தை சிறு கடைக்காரர், கிரிக்கெட் ஆட்டக்காரர். குடும்பம் நொடித்தபின் தாய் ஒரு பெரிய மாளிகையில் வீட்டு நிர்வாகப் பணிக்குப் போனார். மகனைத் துணிக்கடையில் தொழில் பழக விட்டார்கள். நாளெல்லாம் கடையில் நின்று, இரவில் மற்றப் பையன்களோடு பொது அறையில் படுக்கும் வாழ்க்கை. அவர் அதை வெறுத்தார். 1883இல் தாயிடம் மன்றாடி அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, மிட்ஹர்ஸ்ட் என்ற ஊரின் பள்ளியில் மாணவ ஆசிரியராகச் சேர்ந்தார்.

அக்காலத்தில் அறிவியல் தேர்வுகளில் மாணவர்கள் பெறும் தேர்ச்சியைப் பொறுத்து அரசு மானியம் தந்தது. தலைமையாசிரியர் மாலை வகுப்புகளுக்கு வெல்சைப் பதிவு செய்து, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நூலைக் கையில் கொடுத்தார். பையன் படித்துத் தள்ளினான். தேர்வு முடிவுகள் நன்றாக அமைந்ததால், 1884இல் சவுத் கென்சிங்டனில் ஹக்ஸ்லி தலைமை வகித்த அறிவியல் கல்லூரியில், ஆசிரியர் பயிற்சிக்கு வாரம் ஒரு கினி உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. முதல் ஆண்டு முழுவதும் ஹக்ஸ்லியின் உயிரியல். அந்த ஓர் ஆண்டுதான் தன் கல்வியின் உச்சம் என்ற எண்ணம் வெல்சுக்குக் கடைசிவரை இருந்தது. ஹக்ஸ்லி உடல்நலம் குன்றி 1885இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டுகளின் இயற்பியலும் நிலவியலும் வெல்சைப் பிடித்து நிறுத்தவில்லை. 1887இல் நிலவியல் தேர்வில் தோற்று, பட்டமில்லாமல் வெளியேறினார்.

நம் ஊராக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தேர்வு என்ற கதவு திறந்திருந்ததால் அது முடியவில்லை. வெல்ஸ் வேல்சில் ஒரு பள்ளியில் ஆசிரியரானார். கால்பந்தாட்டத்தில் அடிபட்டுச் சிறுநீரகம் பாதிக்கப்பட, பல மாதங்கள் படுத்துக் கிடந்தார். பின்பு லண்டன் கில்பர்னில் ஒரு தனியார் பள்ளியில் கற்பித்துக்கொண்டே இடைநிலைத் தேர்வில் தேறி, 1890இல் பி.எஸ்சி. இறுதித் தேர்வையும் எழுதினார். விலங்கியலில் முதல் வகுப்பு கிடைத்தது.

அடுத்து அவர் செய்த வேலை நம் கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது. வில்லியம் பிரிக்ஸ் நடத்திய அஞ்சல்வழிக் கல்லூரியில் உயிரியல் பயிற்றுநராகச் சேர்ந்தார். தன்னைப் போலவே வேலை பார்த்துக்கொண்டு லண்டன் தேர்வு எழுதுபவர்களைத் தயார்ப்படுத்துவது அங்கே அவர் பணி. அந்த மாணவர்களுக்காக 1893இல் இரண்டு பகுதிகளாக உயிரியல் பாடநூல் எழுதினார். அவருடைய முதல் புத்தகங்களில் ஒன்று அது. முதல் பகுதியில் முயல், தவளை, சிறு சுறா, ஆம்ஃபியாக்ஸஸ் ஆகிய நான்கு உயிரிகள். படங்களையும் அவரே வரைந்தார். புனைகதைகள் அதற்குப் பிறகு வந்தவை. டாக்டர் மோரோவின் தீவில் விலங்குகளை அறுத்துத் தைக்கும் மருத்துவனைப் படைத்தவர், அதற்கு முன் சில ஆண்டுகள் மாணவர்களுக்கு முயலை அறுக்கக் கற்றுக்கொடுத்தவர்.

அதே ஏணி சென்னையிலும் கொழும்பிலும்

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது லண்டனையே முன்மாதிரியாகக் கொண்டது. பாடம் நடத்துவது கல்லூரிகள், தேர்வு வைப்பது பல்கலைக்கழகம். பட்டத்துக்கு முன் எஃப்.ஏ. என்ற தேர்வும், இருபதாம் நூற்றாண்டில் இன்டர்மீடியட்டும் இருந்தன. இரண்டு ஆண்டு இன்டர்மீடியட்டைக் கல்லூரியிலேயே படித்துவிட்டுத்தான் பி.எஸ்சி.க்குப் போக வேண்டும். இலங்கையில் தொடர்பு இன்னும் நேரடியானது. 1921இல் திறக்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி தன் மாணவர்களை லண்டனின் வெளிவாரி இடைநிலைத் தேர்வுக்கும் பட்டத் தேர்வுக்குமே தயார் செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் ஏற்படும்வரை, கொழும்பில் விலங்கியல் படித்த தமிழ் மாணவரும் வெல்ஸ் ஏறிய அதே ஏணியில்தான் ஏறினார்.

இந்தியா விடுதலை பெற்றபின் ஏணியின் படிகள் மாற்றி அடுக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-53இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, இன்டர்மீடியட்டை எடுத்துவிடச் சொன்னது. அதன் ஓர் ஆண்டு பள்ளிப் பக்கமும் மற்றோர் ஆண்டு பட்டப்படிப்புப் பக்கமும் சேரவேண்டும், மாறும் காலத்தில் ஓராண்டுப் புகுமுகப் படிப்பு இருக்கலாம் என்பது யோசனை. அப்படி வந்ததுதான் புகுமுக வகுப்பு. மக்கள் வாயில் பி.யூ.சி. பதினோராண்டுப் பள்ளி, ஓராண்டு பி.யூ.சி., மூன்றாண்டு பட்டம். 1978இல் மேல்நிலைக் கல்வி வரும்வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்நாட்டில் கல்லூரிக்குப் போன ஒவ்வொருவரும் அடிப்படை ஆண்டு படித்தவர்தான். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. என் தலைமுறையினருக்கு நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்த்த முதல் நாள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வந்தது. பள்ளியில் அந்தக் கருவி பெரும்பாலும் அலமாரிக்குள் பூட்டியே இருந்தது.

ஆண்டு பள்ளிக்குள் போனது

இங்கிலாந்தில் ஆயத்த ஆண்டு பல்கலைக்கழகத்திலிருந்து மெல்ல மெல்ல விலகியது. 1910களின் இறுதியில் வந்த உயர்பள்ளிச் சான்றிதழில் உரிய பாடங்களில் தேறியவர்களுக்கு இடைநிலைத் தேர்விலிருந்து விலக்குக் கிடைத்தது. 1951இல் அந்தச் சான்றிதழுக்குப் பதிலாக ஏ லெவல் வந்தது. இலங்கை வாசகர்கள் உயர்தரம் என்று அறிந்திருப்பதன் மூத்த உறவு இது. பதினாறு வயதில் மூன்று பாடங்களைத் தெரிந்தெடுத்து, இரண்டு ஆண்டு அவற்றை மட்டும் ஆழமாகப் படிப்பது வழக்கமாயிற்று. விலங்கியல் விரும்பும் மாணவர் விலங்கியல் அல்லது உயிரியலும் வேதியியலும் எடுத்தார். முன்பு பல்கலைக்கழகத்தில் செய்ததை இப்போது பள்ளியில் செய்ததால், பட்டத்துக்கு மூன்று ஆண்டு போதுமானது.

பள்ளியில் அந்த வாய்ப்பு இருந்தவர்களுக்கு இது சிக்கனமான ஏற்பாடு. இல்லாதவர்கள் நிறையப் பேர். பதினொரு வயதில் ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைகளை இருவகைப் பள்ளிகளுக்குப் பிரித்த காலம் அது. தேர்வில் தேறாதவர்கள் போன பள்ளிகள் பெரும்பாலானவற்றில் ஏ லெவல் வகுப்பே இல்லை. பதினைந்து வயதில் வேலைக்குப் போனவர், பதினாறில் கலைப் பாடங்களை எடுத்துவிட்டு இருபதில் பறவைகள்மேல் பித்துக்கொண்டவர் எல்லோருக்கும் பட்டத்தின் கதவு அடைபட்டது. வெளிவாரிப் பட்டம் தொடர்ந்து இருந்தாலும், செய்முறை வேண்டிய அறிவியல் பாடங்களுக்கு ஆய்வுக்கூடம் தேடிப் போவது எளிதல்ல.

ஸ்காட்லாந்து இந்த வழிக்கு வரவில்லை. அங்கே சிறப்புப் பட்டம் நான்கு ஆண்டு. முதல் ஆண்டில் மாணவர் பல பாடங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு விலங்கியலுக்குள் இறங்கலாம். ஆகவே அடிப்படை ஆண்டு என்ற பேச்சு அதிகமும் இங்கிலாந்து, வேல்ஸ் பற்றியதே.

கீல்: எல்லோருக்கும் ஓர் அடிப்படை ஆண்டு

இந்தக் குறுகலை எதிர்த்து எழுந்த ஒரு சோதனைதான் அடிப்படை ஆண்டு என்ற பெயரை இங்கிலாந்தில் நிலைநிறுத்தியது. மட்பாண்டத் தொழிலுக்கும் நிலக்கரிக்கும் பெயர்போன வட ஸ்டாஃபர்ட்ஷயரில், கீல் என்ற இடத்தில், 1949இல் பட்டயம் பெற்று 1950 அக்டோபரில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தது. அதை உருவாக்கியவர் ஏ. டி. லிண்ட்சே. ஆக்ஸ்ஃபோர்டு பேலியல் கல்லூரியின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர், தொழிலாளர் கல்வியில் ஊறியவர். இந்தியாவிலுள்ள கிறித்தவக் கல்லூரிகளை ஆராய 1930-31இல் வந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே.

கீலில் படிப்பு நான்கு ஆண்டு. முதல் ஆண்டு அனைவருக்கும் அடிப்படை ஆண்டு. வரலாறு படிக்க வந்தவரும் உயிரியல் படிக்க வந்தவரும் ஒரே விரிவுரை அரங்கில் உட்கார்ந்து, கிரேக்கச் சிந்தனை, தொழிற்புரட்சி, உயிர்களின் பரிணாமம் எல்லாவற்றையும் கேட்டார்கள். பிறகும் ஒருவர் ஒற்றைப் பாடத்துக்குள் ஒடுங்க முடியாது. இரண்டு முதன்மைப் பாடங்கள், அவற்றோடு துணைப்பாடங்கள். கலை, அறிவியல் இரண்டையும் ஓரளவாவது தொட்டாக வேண்டும். பட்டப்பாடத்தை அடிப்படை ஆண்டின் முடிவில் மாற்றிக்கொள்ளவும் இடமிருந்தது. கலை மாணவராக வந்தவர் உயிரியலுக்குத் தாவ முடிந்தது இங்குள்ள சிறப்பு. உயிரியல் பேராசிரியர் ஆலன் ஜெம்மல் தாவரவியலாளர். பிபிசி வானொலியின் தோட்டக்கலைக் கேள்வி நிகழ்ச்சியில் பல்லாண்டு பேசி நாடறிந்தவரானார். பாமரருக்கும் புரியப் பேசும் பேராசிரியர் அப்படிப்பட்ட வகுப்புக்கு வாய்த்தது நல்லூழ்.

லிண்ட்சே 1952இல் காலமானார். கல்லூரி 1962இல் கீல் பல்கலைக்கழகமானது. அதே ஆண்டின் கல்விச் சட்டம், பட்டப்படிப்பில் சேரும் மாணவருக்குக் கட்டணமும், குடும்ப வருமானத்தைப் பொறுத்து வாழ்க்கைச் செலவுக்கான உதவியும் தரவேண்டிய கடமையை உள்ளாட்சி மன்றங்கள்மேல் வைத்தது. அப்படியானால் கீலின் நான்காவது ஆண்டுச் செலவு மாணவர் தலையில் விழவில்லை. அரசின் தலையில் விழுந்தது. மற்ற இடத்தில் மூன்றாண்டில் முடிவதற்கு இங்கே ஏன் நான்கு என்ற கேள்வி எழாமல் இருக்குமா? 1970களில் மூன்றாண்டுப் படிப்புகளும் கீலுக்குள் வந்தன. பொது அடிப்படை ஆண்டு சுருங்கிச் சுருங்கி, கடைசியில் எல்லோருக்குமானது என்ற நிலையை இழந்தது.

இரண்டாம் வருகை

கீலின் பெயர் மிஞ்சியது, பொருள் மாறியது. கீலில் அது அகலப்படுத்தும் ஆண்டு. பின்னர் வந்தது ஈடுசெய்யும் ஆண்டு. 1978இல் கல்வித் துறை ஏழு உள்ளாட்சிக் கல்வி அமைப்புகளிடம், பள்ளித் தகுதி இல்லாத வயதுவந்தவர்களைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்யும் படிப்புகளைத் தொடங்கக் கேட்டுக்கொண்டது. 'ஆக்சஸ்' படிப்புகள் எனப்படும் இவை ஊர்க் கல்லூரிகளில் நடப்பவை. அடுத்த பதின்ம ஆண்டுகளில், பொறியியலுக்கும் அறிவியலுக்கும் போதிய மாணவர் வராத நிலையில், பல்கலைக்கழகங்களே பட்டத்தோடு இணைத்து ஓர் ஆயத்த ஆண்டை நடத்தத் தொடங்கின. உயிரியல் துறைகள் அந்த வரிசையில் சேர்ந்தபோது, அடிப்படை ஆண்டோடு கூடிய விலங்கியல் பி.எஸ்சி. என்ற படிப்பு பட்டியலில் இடம்பெற்றது.

இன்று அந்த ஆண்டில் நடப்பது என்ன? விலங்குகளைப் பார்க்கும் ஆசையில் வருபவர் முதலில் கொஞ்சம் ஏமாந்து போகலாம். செல் உயிரியல், வேதியியல், புள்ளியியலுக்கு வேண்டிய கணிதம், ஆய்வுக்கூடப் பழக்கம், அறிக்கை எழுதும் முறை ஆகியவைதான் பெரும்பகுதி. விலங்குகளும் சூழலியலும் அதன் இடையிடையே வரும். வேதியியல் எதற்கு என்று கேட்பவருக்கு விடை இரண்டாம் ஆண்டில் உடலியங்கியலும் மரபியலும் வரும்போது கிடைக்கும். புள்ளியியல் இன்னும் முக்கியம். வயலில் தவளைகளை எண்ணிக்கொண்டு வருவது எளிது. அந்த எண்ணிக்கை எதைக் காட்டுகிறது என்று சொல்வதற்குத்தான் கணக்கு வேண்டும். பழைய நாளின் கத்தியும் மெழுகுத் தட்டும் பெருமளவு குறைந்துவிட்டன. இங்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் அறிவுறுத்தலால் விலங்கியல் வகுப்புகளில் அறுத்துப் பார்ப்பது கைவிடப்பட்டது.

ஆண்டு முடிவில் எல்லாப் பாடப்பகுதிகளிலும் தேற வேண்டும். நூற்றுக்கு நாற்பது என்பது வழக்கமான தேர்ச்சி எல்லை என்றாலும், முதலாண்டுக்கு ஏறுவதற்குச் சில இடங்களில் அதற்கு மேலும் கேட்பார்கள். இந்த ஆண்டின் மதிப்பெண்கள் பட்டத்தின் வகுப்பைத் தீர்மானிப்பதில்லை. நான்கு ஆண்டு முடித்தவரும் மூன்று ஆண்டு முடித்தவரும் வாங்குவது ஒரே பட்டம்.

செலவு யாருடையது

1962இன் ஏற்பாடு நிலைக்கவில்லை. 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு கட்டணம் வந்தது. இங்கிலாந்தில் 2006இல் உச்சவரம்பு 3,000 ஆயிற்று, 2012இல் 9,000 ஆயிற்று, பின்னர் 9,250 ஆயிற்று. உள்நாட்டு மாணவர் இதை அரசுக் கடனாகப் பெற்று, வருமானம் வந்தபின் திருப்பிச் செலுத்துகிறார். இப்போது அடிப்படை ஆண்டு என்பது கூடுதலாக ஓர் ஆண்டுக் கடன். பதினாறு வயதில் சரியான பாடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளை, அதற்கான விலையை நாற்பது வயதுவரை கட்டிக்கொண்டிருக்கலாம்.

2019இல் பிலிப் ஆகர் தலைமையிலான ஆய்வுக் குழு, பட்டத்தோடு இணைந்த அடிப்படை ஆண்டுகளுக்குக் கடன் தருவதை நிறுத்தும்படி பரிந்துரைத்தது. ஆக்சஸ் படிப்பு அதே வேலையை மலிவாகச் செய்கிறதே என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் ஊர்க் கல்லூரியில் ஓராண்டு படித்துவிட்டு மீண்டும் எங்கோ விண்ணப்பிப்பதும், சேர்ந்த இடத்திலேயே அடுத்த ஆண்டுக்கு ஏறுவதும் மாணவருக்கு ஒன்றல்ல. அரசு முழுவதுமாக நிறுத்தவில்லை. வகுப்பறையில் மட்டும் நடக்கும் பாடங்களின் அடிப்படை ஆண்டுக்கு 2025-26 முதல் 5,760 பவுண்டு என்ற குறைந்த வரம்பு வைத்தது. ஆய்வுக்கூடம் வேண்டிய பாடங்களுக்கு அந்தக் குறைப்பு இல்லை. 2025-26இல் பொது வரம்பாக இருந்த 9,535 பவுண்டே அவற்றுக்குப் பொருந்தியது. வணிகம் படிப்பவரின் ஆயத்த ஆண்டைவிட விலங்கியல் படிப்பவரின் ஆயத்த ஆண்டு அதிகச் செலவு பிடிப்பதாகிவிட்டது.

இந்திய, இலங்கை மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டு மாணவருக்கென்று விளம்பரப்படுத்தப்படும் 'ஃபவுண்டேஷன்' பெரும்பாலும் வேறு வகை. பல இடங்களில் பல்கலைக்கழக வளாகத்திலேயே ஒரு தனியார் நிறுவனம் அதை நடத்துகிறது. ஆங்கிலப் பயிற்சியும் அதில் சேர்ந்திருக்கும். மேலே சொன்ன கட்டண வரம்புகள் வெளிநாட்டு மாணவருக்குப் பொருந்தா. அவர்கள் கட்டுவது பலமடங்காக இருக்கலாம். தேர்ச்சி பெற்றால் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பட்டத்துக்கு ஏறலாம் என்பதும் முன்பே வரையறுக்கப்பட்டது. ஓரிடத்தில் படித்த அடிப்படை ஆண்டை இன்னோரிடம் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

உயிரியல், வேதியியல் எடுத்து நல்ல மதிப்பெண்ணோடு மேல்நிலைத் தேர்வில் தேறியவரைப் பல பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் மூன்றாண்டுப் பட்டத்தில் நேரடியாகவே சேர்த்துக்கொள்கின்றன. இலங்கையின் உயர்தரத் தேர்வும் அவ்வாறே ஏற்கப்படுகிறது. தேவையில்லாதவருக்கும் அடிப்படை ஆண்டை விற்கும் முகவர்கள் உண்டு. ஆகையால் முகவர் சொல்லைக் கேட்குமுன், அந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் தம் நாட்டுக்கான சேர்க்கைத் தகுதியைப் படித்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டிலேயே படிக்க விரும்புபவரின் நிலை வேறு. 1978இல் பி.யூ.சி. போய் மேல்நிலைக் கல்வி வந்தபோது, பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாள் கல்லூரியிலிருந்து பள்ளிக்கு மாறியது. இங்கிலாந்தில் 1951இல் நடந்த அதே மாற்றம். பதினோராம் வகுப்புச் சேர்க்கையில் உட்கார்ந்த ஆசிரியர்களுக்குத் தெரியும், பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு வணிகவியல் பிரிவு ஒதுக்கப்பட்டுவிடும். அந்தப் பிள்ளை பின்னாளில் பி.எஸ்சி. விலங்கியலில் சேர முடியாது. இங்கே கல்லூரிகளில் அதற்கான அடிப்படை ஆண்டு இல்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பட்டத்துக்கு முந்தைய ஆயத்தப் படிப்பு ஒன்றை நடத்தி வந்திருக்கிறது. ஆனால் அது கலை, வணிகப் பட்டங்களுக்கு வழி. அறிவியல் பட்டத்துக்கு மேல்நிலையில் அறிவியல் படித்திருக்க வேண்டும். மிஞ்சியிருக்கும் வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். அங்கே உயிரியலையும் வேதியியலையும் செய்முறையோடு எடுத்து மேல்நிலைத் தேர்வு எழுதலாம். அந்தச் சான்றிதழைத் தாம் சேரவிருக்கும் கல்லூரி ஏற்குமா, இணைத்தகுதிச் சான்று வேண்டுமா என்பதைப் பதிவு செய்வதற்கு முன்பே அந்தக் கல்லூரியில் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.